இரண்டாவது ஈடு: நானோப்பொருள் பெரும உற்பத்தி ஆய்வுக்குப் புதிதாக வருவோருக்கு

ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை நானோப்பொருளைச் செய்துகாட்டுவது இன்று பெரிய வித்தை அல்ல. முதுகலை மாணவர் ஒருவர் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடுவார். அதே பொருளை அடுத்த வாரம், வேறொருவர் கையால், நூறு மடங்கு அளவில் செய்ய வேண்டும். பழைய சிட்டிகையும் புதிய மூட்டையும் ஒன்றுதான் என்று காட்டவும் வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பல்கலைக்கழகங்களில் நானோ உற்பத்தி என்று தனிப் பிரிவுகள் தோன்றியதற்குக் காரணமும் இதுதான்.

ஒருமுறை ஏற்றி இறக்கும் அளவை இந்தக் கட்டுரையில் ஈடு என்று சொல்கிறேன். முதல் ஈடு அருமையாக வந்த கதையை எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாவது ஈடு என்ன ஆனது என்று எழுதுவோர் குறைவு. முதல் ஓராண்டில் எதற்குப் பின் எதைச் செய்யலாம் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வரிசை முக்கியம். நான் முதலில் பொருளைச் செய்தேன், பிறகுதான் அளக்கக் கற்றேன். அதனால் சில மாத உழைப்பைக் குப்பையில் கொட்டினேன்.

எடையா, பரப்பா, வடிவமா?

நெறியாளரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை வைத்திருங்கள்: நீங்கள் பெரிதாக்க விரும்புவது எதை?

தூள், மை, கூழ்மம் போன்றவை எடைக் கணக்கு. நானோத் துகள்களை டன் கணக்கில் செய்வது புதிய செய்தி அல்ல. டயருக்குக் கறுப்பு நிறமும் உறுதியும் தரும் கார்பன் கரி நூறாண்டுக்கு மேலாக ஆலைகளில் உற்பத்தியாகிறது; அதன் அடிப்படைத் துகள்கள் நானோ அளவுதான். சுடரில் செய்யும் சிலிக்காத் தூளும் 1940-களிலிருந்தே உண்டு. இன்றைய ஆய்வு கேட்பது இன்னும் கறாரான ஒன்று: எல்லாத் துகள்களும் ஒரே அளவா, எத்தனை அடுக்கு, மேற்பரப்பில் என்ன ஒட்டியிருக்கிறது?

படலம் என்றால் பரப்புக் கணக்கு. ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலமான கிராஃபீனை எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் ஒட்டும் நாடாவால் கிராஃபைட்டிலிருந்து உரித்தெடுத்ததை 2004-இல் வெளியிட்டபோது கிடைத்தவை மைக்ரோமீட்டர் அளவுச் செதில்கள். 2009-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ராட்னி ரூஃப் குழுவினர், சூடான செப்புத் தகட்டின் மேல் மீத்தேன் வாயுவைச் செலுத்தி, சென்டிமீட்டர் அளவில் அதை வளர்த்தார்கள். மறு ஆண்டே தென்கொரியாவின் சுங்க்யுன்க்வான் பல்கலைக்கழகம் தலைமையிலான குழு 30 அங்குலப் படலத்தை உருளைகள் வழியே இழுத்துக் காட்டியது. ஆறே ஆண்டு. ஆனால் செம்பிலிருந்து அந்தப் படலத்தைக் கிழியாமல், சுருங்காமல், அழுக்குப் படாமல் வேறொரு பரப்புக்கு மாற்றும் வேலை இன்றும் ஆய்வு மாணவர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, வடிவங்களை அச்சிடுவது. 1995-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சௌ குழுவினர், அச்சை நெகிழியில் அழுத்தி 25 நானோமீட்டர் அளவு வடிவங்களைப் பதித்தார்கள். பிறகு ஆஸ்டினில் கிராண்ட் வில்சன் குழுவினர், அறை வெப்பத்திலேயே ஒரு திரவத்தைப் புற ஊதா ஒளியால் இறுக வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இங்கே எண்ணிக்கைதான் கணக்கு: ஓர் அச்சு தேய்வதற்குள் எத்தனை பதிவு தரும், அவற்றில் எத்தனை பழுது?

எடை, பரப்பு, எண்ணிக்கை. உங்கள் ஆய்வு இவற்றில் எதைச் சேர்ந்தது என்று ஒரே வரியில் எழுத முடியாவிட்டால், இன்னும் தலைப்பு அமையவில்லை என்று பொருள்.

குழுவைத் தேடும்போது

நானோ உற்பத்திக்கென்றே மையங்கள் உண்டு. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2004-இலும், ஆஸ்டினில் 2012-இலும் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் அப்படிப்பட்ட மையங்கள் தொடங்கின. ஐரோப்பாவில் 2013-இல் நூறு கோடி யூரோ, பத்தாண்டு என்ற அளவில் கிராஃபீன் பெருந்திட்டம் தொடங்கியது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். சின்னக் குழுவிலும் நல்ல வேலை நடக்கும். நேரில் போகும்போது நெறியாளரிடம் கேட்பதைவிட, அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவரிடம் கேளுங்கள். மின்னணு நுண்ணோக்கியில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? கருவி கெட்டால் சரிசெய்ய ஆள் உண்டா? இயந்திரவியல், வேதிப் பொறியியல் படித்தவர்கள் குழுவில் இருக்கிறார்களா, அல்லது எல்லோரும் வேதியியலர்தானா? நிறுவனப் பணம் வருகிறது என்றால், முடிவை வெளியிட எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் சேர்ந்து, ஆய்வேட்டின் ஓர் இயலையே பூட்டி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கட்டுரையைப் பின்னாலிருந்து படியுங்கள்

அறிமுகத்தையும் முடிவுரையையும் விட்டுவிட்டு, செய்முறைப் பகுதிக்கும் இணைப்புக் கோப்புக்கும் நேராகப் போங்கள். ஒரு ஈட்டில் எவ்வளவு செய்தார்கள், எத்தனை முறை செய்தார்கள், முறைக்கு முறை எவ்வளவு மாறியது என்று பாருங்கள். மூன்றாவதற்குப் பல கட்டுரைகளில் விடையே இருக்காது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவையுங்கள். உங்கள் ஆய்வுத் தலைப்பு அங்கேகூடக் கிடைக்கலாம்.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் ஜோனதன் கோல்மன் குழுவினர் 2008-இல், கிராஃபைட்டைக் கரைப்பானில் போட்டு, மீயொலியால் அடுக்குகளைப் பிரித்துக் கிராஃபீன் எடுத்தார்கள். அழகான வேலை. ஆனால் கிடைத்த செறிவு மில்லிலிட்டருக்கு 0.01 மில்லிகிராம் வரைதான். ஒரு கிலோ வேண்டுமென்றால் கரைப்பான் எவ்வளவு? ஒரு லட்சம் லிட்டர். அதே குழுவினர் 2014-இல் மீயொலியை விட்டுவிட்டு, வேகமாகச் சுழலும் கலக்கியைப் பயன்படுத்தினார்கள். வீட்டு மிக்ஸியிலும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்திலும்கூட முயன்று பார்த்தார்கள். செய்தித்தாள்கள் மிக்ஸியைப் பிடித்துக்கொண்டன. நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது வேறு: திரவத்தின் சறுக்கு வீதம் (பக்கத்துப் பக்கத்துத் திரவ அடுக்குகளுக்கு இடையே வேகம் மாறும் வீதம்) வினாடிக்குச் சுமார் 10,000-ஐத் தாண்டினால் அடுக்குகள் பிரிகின்றன என்று அவர்கள் கண்ட எண். எந்தக் கலக்கி, எவ்வளவு பெரிய தொட்டி என்பது அதன் பிறகு பொறியாளரின் வேலையாகிவிடுகிறது. கலன் மாறினாலும் மாறக்கூடாத ஓர் எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன்.

அப்படி ஓர் எண், அழுக்கு என்று நாம் ஒதுக்குவதற்குள்ளும் ஒளிந்திருக்கும். 2004-இல் ஜப்பானின் ஒரு தேசிய ஆய்வு நிறுவனத்தில் கென்ஜி ஹாத்தா குழுவினர், கார்பன் நானோகுழாய் வளர்க்கும் உலைக்குள் மிகச் சிறிதளவு நீராவியை விட்டார்கள். வினையூக்கியின் மேல் படிந்து அதை முடக்கும் கார்பனை அந்த ஈரம் எரித்துத் துடைத்தது. பத்து நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குழாய்க் காடு வளர்ந்தது. ஈரப்பதம் இவ்வளவு வேலை செய்யும் என்றால், மழை நாளில் உங்கள் உலை வேறு விளைச்சல் தருவதில் வியப்பில்லை. குறிப்பேட்டில் அறையின் ஈரப்பதத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

செய்யும் முன் அளக்கப் பழகுங்கள்

2018-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகெங்கும் 60 நிறுவனங்கள் கிராஃபீன் என்று விற்ற தூள்களை வாங்கிச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் கிராஃபீன் பத்து விழுக்காடுகூட இல்லை. மீதி மெல்லிய கிராஃபைட் செதில்கள். விற்றவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். பலருக்குத் தம் பொருளை ஒழுங்காக அளக்கும் வழி இருந்திருக்காது.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. ஊடுருவு மின்னணு நுண்ணோக்கியில் அழகான ஒரு துகளைக் கண்டதும் படம் எடுக்கக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். எந்த இடங்களில் படம் எடுப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அங்கே கண்ணில் படுவதையெல்லாம் எடுத்து, சில நூறு துகள்களையாவது அளந்து, அளவுப் பரவலை வரைய வேண்டும்.

சிதறும் ஒளியை வைத்துத் துகளின் அளவைச் சொல்லும் ஒளிச் சிதறல் கருவி இன்னும் பொல்லாதது. மாதிரியை ஊற்றிப் பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் ஓர் எண் வந்துவிடும். அதனால் எல்லோருக்கும் அதன் மேல் பாசம். நானோத் துகள் சிதறடிக்கும் ஒளியின் அளவு விட்டத்தின் ஆறாவது அடுக்கைப் பொறுத்தது. அதாவது, 100 நானோமீட்டர் திரள் ஒன்று, 10 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சத்துக்குச் சமமாக மின்னும். குடுவைக்குள் விழுந்த ஒரு துளித் தூசி உங்கள் முடிவையே மாற்றிவிடும். வடிகட்டியபின் ஒன்று, வடிகட்டாமல் ஒன்று என்று இரண்டு அளவும் எடுங்கள். வேறுபட்டால் எது உண்மை என்று உட்கார்ந்து யோசியுங்கள்.

கார்பன் பொருள் என்றால், சிதறும் ஒளியிலிருந்து அணுப் பிணைப்புகளின் அதிர்வைப் படிக்கும் ராமன் நிறமாலை துணைக்கு வரும். அலையெண் (சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்ற கணக்கு) 1580-ஐ ஒட்டிய முகடு கார்பன் வலைப்பின்னலையும், 1350-ஐ ஒட்டியது அதன் பழுதுகளையும், 2700-ஐ ஒட்டியதன் வடிவம் அடுக்குகளையும் பற்றிப் பேசும். தூளின் மொத்தப் பரப்பை அறிய வாயு உறிஞ்சல் அளவீடு உண்டு. ஓரடுக்குக் கிராஃபீனின் கோட்பாட்டு எல்லை கிராமுக்குச் சுமார் 2,630 சதுர மீட்டர். உங்கள் தூள் 100 காட்டினால், கட்டுரையின் தலைப்பில் ‘கிராஃபீன்’ என்று எழுதும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

முதல் பயிற்சி இதுதான்: யாரோ செய்த ஒரே மாதிரியை, வெவ்வேறு நாள்களில் பத்து முறை அளந்து பாருங்கள். அளவீடே எட்டு விழுக்காடு முன்பின் ஆடுகிறது என்றால், செய்முறையில் நீங்கள் கொண்டுவந்த ஐந்து விழுக்காடு முன்னேற்றத்தை ஒரே ஒருமுறை அளந்து காட்டவே முடியாது.

கை பழக ஒரு பொன் கூழ்மம்

அடுத்து ஒரு பழைய செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னின் நுண்துகள் நீருக்குச் சிவப்பு நிறம் தருவதை 1857-இலேயே மைக்கேல் ஃபாரடே விவரித்துவிட்டார். 1951-இல் ஜான் டர்கெவிச்சும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்த சிட்ரேட் முறை இன்றும் தொடக்கநிலைப் பாடம்.

நீர்த்த பொன் குளோரைடுக் கரைசல் வெளிர் மஞ்சளாகக் கொதித்துக்கொண்டிருக்கும். சிட்ரேட் கரைசலை ஊற்றியதும் மஞ்சள் மெல்ல மறைந்து நீர் தெளியும். ஒன்றும் நடக்கவில்லையோ என்று சந்தேகம் வரும் நேரத்தில், அடியிலிருந்து புகை எழுந்ததுபோல் சாம்பல் கலந்த நீலம் படரும். அது கருத்து, ஊதாவாகி, சில நிமிடங்களில் மாதுளைச் சிவப்பில் வந்து நிற்கும். ஒளி உறிஞ்சல் நிறமாலையில் 520 நானோமீட்டரை ஒட்டி ஒரு முகடு தெரிந்தால் நல்லது. அதில் கொஞ்சம் எடுத்து இரண்டு சொட்டு உப்புக் கரைசல் விட்டுப் பாருங்கள், சிவப்பு நீலமாகிவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதன் அடையாளம் அது. திரள்வது என்றால் என்ன என்பதைக் கண்ணாலேயே பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இதை 20 மில்லிலிட்டரில் ஐந்து முறை செய்யுங்கள். ஐந்தும் ஒன்றாக வந்த பிறகுதான் 200-க்குப் போக வேண்டும்.

நான் 20-லிருந்து நேராக இரண்டு லிட்டருக்குத் தாவினேன். சிவப்பு வந்தது, ஆனால் ஓரத்தில் ஊதா சாயல். வேதிப்பொருள் பழசு என்று புதிய புட்டி திறந்தேன், தண்ணீரை மாற்றினேன், குடுவையை மூன்று முறை கழுவினேன். மூன்று வாரம் கழித்து, ஆய்வகத்தின் மூத்த உதவியாளர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “ஊற்றியதும் கொதி அடங்கிவிடுகிறதே, கவனித்தீர்களா?” என்றார். கவனிக்கவில்லை. குளிர்ந்த சிட்ரேட்டைப் பெரிய அளவில் ஒரே இடத்தில் கொட்டியதில் கொதி நின்று, மீண்டும் எழப் பல நிமிடங்கள் ஆகியிருந்தன. அதற்குள் ஒரு பக்கம் துகள் பிறந்து வளர்ந்துகொண்டிருக்க, மறுபக்கம் இன்னும் பிறக்கவே இல்லை. சிட்ரேட்டையும் சூடாக்கி, கலக்கியின் வேகத்தைக் கூட்டியதும் ஊதா போய்விட்டது.

முதலில் காகிதத்தில் பெரிதாக்குங்கள்

அந்த மூன்று வாரத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கணக்கு அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. 100 மில்லிலிட்டர் கலனை அதே வடிவில் 100 லிட்டராக்கினால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு, சுவர்ப் பரப்பு நூறு மடங்கு. ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சுவர் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. சூடு ஏறவும் இறங்கவும் அந்தச் சுவர்தான் வழி. கலப்பதும் அப்படியே: சின்னக் குடுவையில் ஒரு நொடியில் கலந்தது பெரிய தொட்டியில் அரை நிமிடம் எடுக்கலாம், துகள் பிறப்பதோ அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும்.

1993-இல் எம்ஐடியில் மூங்கி பவெண்டி குழுவினர் குவாண்டம் புள்ளிகளை (அளவைப் பொறுத்து நிறம் மாறும் நானோ அளவுக் குறைக்கடத்திப் படிகங்களை) ஒரே அளவில் செய்ய, சூடான கரைப்பானில் மூலப்பொருளைச் சட்டென்று பாய்ச்சும் முறையைக் கையாண்டார்கள். 2023-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பவெண்டிக்குப் பங்கு கிடைத்ததற்கு இந்த வேலை முக்கியக் காரணம். அந்தச் ‘சட்டென்று’ பெரிய கலனில் நடக்காது. அதனால்தான் பல குழுக்கள் கலனைப் பெரிதாக்குவதை விட்டு, மெல்லிய குழாய்க்குள் இடைவிடாமல் ஓடும் வினையாக மாற்றி, குழாய்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். தொட்டியா, குழாயா என்று முடிவெடுக்க வேண்டிய இடம் இந்தக் காகிதம்.

பூச்சு வேலைக்கும் இதே போன்ற கணக்கு உண்டு. ரோல்-டு-ரோல் என்று ஆய்வகங்களில் சொல்லும் முறையில், ஒரு சுருளிலிருந்து அவிழும் படலம் மை பூசிக்கொண்டு, உலர்ந்து, மறு சுருளில் சுற்றிக்கொள்கிறது. படலத்தின் அகலம் 100 மில்லிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு ஒரு மீட்டர், ஈரப் பூச்சின் தடிமன் 20 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் மை. மையில் திடப்பொருள் கொள்ளளவில் ஒரு விழுக்காடு என்றால், உலர்ந்தபின் மிஞ்சுவது 200 நானோமீட்டர். மீதித் தொண்ணூற்றொன்பது பங்கும் ஆவியாகி எங்கே போகிறது, அதைப் பிடித்து மறுபடி பயன்படுத்த முடியுமா என்று நெறியாளர் கேட்பதற்கு முன் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

படிகளையும் எண்ணுங்கள். பத்துப் படி, ஒவ்வொன்றிலும் 90 விழுக்காடு தேறுகிறது என்றால் கடைசியில் கையில் நிற்பது 35 விழுக்காடுதான். ஒரு படியை மெருகேற்றுவதைவிட ஒரு படியையே ஒழிக்க முடியுமா என்று பாருங்கள். கேம்பிரிட்ஜில் ஆலன் விண்டில் குழுவினர் 2004-இல் காட்டியது அதைத்தான்: நானோகுழாய்களை வளர்த்து, பிரித்து, கரைத்து, பிறகு நூற்பதற்குப் பதிலாக, உலையில் புகைபோல் உருவாகும் குழாய்களை அங்கிருந்தே நூலாக இழுத்துச் சுற்றினார்கள்.

கணக்கு ஒத்துவந்தாலும் பத்து மடங்குக்கு மேல் ஒரே தாவலில் போகாதீர்கள். அகலக்கால் வைத்தால் எது பிசகியது என்றே தெரியாமல் போகும்.

உலர்த்துவதைப் பற்றிக் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘பின்னர் உலர்த்தப்பட்டது.’ எத்தனையோ நல்ல துகள்கள் செத்தது அந்த ஒரு வரியில்தான். நீர் வற்ற வற்றத் துகள்கள் நெருங்கி, ஒட்டி, மறுபடி எந்தத் திரவத்திலும் பிரியாத கட்டியாகிவிடும். மேசையில் காய்ந்த சொட்டின் ஓரம் மட்டும் அடர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சிலும் அதுவே நடக்கும். முடிந்தால் உலர்த்தவே வேண்டாம், திரவமாகவே அடுத்த படிக்குக் கொடுங்கள்.

மூச்சில் கவனம்

மில்லிகிராமில் வேலை செய்தபோது இல்லாத ஆபத்து கிலோவில் வரும். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2013-இல் கார்பன் நானோகுழாய்க்குப் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் ஒரு மைக்ரோகிராம். 2014-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பலசுவர் நானோகுழாய்களில் ஒரு வகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பட்டியலில் சேர்த்தது. எல்லா நானோப்பொருளும் நஞ்சு அல்ல. ஆனால் உலர்ந்த தூள் என்றாலே சந்தேகப்படுங்கள். திரவத்தில் வைத்தே கையாளுங்கள். சிந்தினால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்து, துணியையும் மூடிய பையில் போடுங்கள். உறிஞ்சு பெட்டியின் காற்றோட்டமே இலேசான தூளைப் பறக்கவிடும் என்பதால், எடைபோட மூடிய கையுறைப் பெட்டி நல்லது. கரைப்பானை மறந்துவிடாதீர்கள்: அடுக்குப் பிரிக்கப் பெயர்போன சில கரைப்பான்கள் கருவுக்குத் தீங்கு செய்பவை.

செய்முறையைக் கைமாற்றுங்கள்

ஆண்டு முடிவில் உங்களிடம் ஒரு செய்முறை இருக்கும். அதை இரண்டு பக்கத்தில் எழுதி, அதைச் செய்தே பார்த்திராத சக மாணவர் ஒருவரிடம் கொடுங்கள். அவர் செய்யும்போது அதே அறையில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். பாதுகாப்புக்கு மட்டும் குரல் கொடுக்கலாம். கலக்கி எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், புட்டியைக் குலுக்க வேண்டுமா, ‘சிறிது நேரம்’ என்றால் எத்தனை நிமிடம் என்று அவர் தயங்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் முறை பதினேழு குறிப்புகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று, சிட்ரேட்டைச் சூடாக்க வேண்டும் என்பதையே நான் எழுதாமல் விட்டிருந்தது.